கேட்காமல் விட்ட பெயர்

குறை கண்டுபிடிப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் கணினிச் சில்லுகள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் தரச் சோதனைப் பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்தேன். பூதக்கண்ணாடிக்கு அடியில் வருகிற ஒவ்வொன்றையும் நல்லது, கழிவு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். நடுவில் வைக்கத் தட்டு கிடையாது. அந்த வேலையில் பழகிவிட்டவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது. அதனால், என் தம்பி கார்த்திகேசு உயிரைக் கொடுத்து விளையாடிய அந்தக் கணினி விளையாட்டின் குறைகளை என்னைப்போல் அறிந்தவர்கள் பினாங்கில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் நான் அதை ஒருநாள்கூட விளையாடியதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

விளையாட்டிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அதுதான் சொல்ல வசதியாக இருக்கிறது.

தொண்ணூற்றிரண்டில் கொம்டார் கட்டடத்தில் ஒரு கடையிலிருந்து கார்த்தி அதை வாங்கி வந்தான். அசல் இல்லை, நகல். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு கொத்து வட்டுகள், ஜெராக்ஸ் எடுத்த ஒரு கையேடு. கையேட்டில் சில பக்கங்களே இல்லை. இருந்த பக்கங்களிலும் படங்கள் கரி பூசியது மாதிரி இருந்தன. ஆங்கிலப் பெயர் நீளமாக இருந்ததால் எங்கள் வீட்டில் அதைப் ‘பாதாளம்’ என்றே சொன்னோம். பூமிக்கு அடியில் ஒரு கோட்டை. செத்தும் சாகாத ஓர் அரசன் அதன் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆறு பேர் கொண்ட குழு ஒன்று தளம் தளமாக இறங்கிப் போய் அவனை முடிக்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

ஆறு பேருக்கும் விளையாடுகிறவரே பெயர் வைக்கலாம். கார்த்தி வீட்டு ஆட்களையே இறக்கிவிட்டான். முன்வரிசையில் வாளோடு நான், அர்ஜுனன். என் பக்கத்தில் கேடயத்தோடு அப்பா. அவர் இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் கார்த்தி அவரை விடவில்லை. நடுவில் வைத்தியச்சியாக அம்மா, வில்லோடு தங்கை ருக்குமணி. கடைசியில் மந்திரவாதியாக அவன். ஆறாவது ஆளாக, எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்து, லிஃப்ட் கெட்டுப்போகும் போதெல்லாம் ஊரைக் கூட்டுகிற சின்னையாவைப் பூட்டுத் திறக்கும் திருடனாகச் சேர்த்திருந்தான். சின்னையாவுக்கு இது கடைசிவரை தெரியாது.

அம்மாவுக்குக் கணினியில் ஈடுபாடு கிடையாது. ஆனால் சமையலுக்கு நடுவே வந்து எட்டிப் பார்ப்பாள். “நான் உசுரோட இருக்கேனாடா?” என்று கேட்பாள். இருக்கிறாய் என்று கார்த்தி சொன்னதும் திருப்தியாகத் திரும்பிப் போவாள்.

குறைகளைச் சொல்கிறேன். முதலாவது, இருட்டு. பாதாளம் என்றால் இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் சுவர் எது வழி எது என்று தெரியாத அளவுக்கு இருட்டாக ஒரு படத்தைத் திரையில் காட்டுவது செய்தவர்களின் சோம்பல். பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் விளையாட முடிந்தது. அடுத்தது, பின்வரிசையில் வருகிற ஆள் தூணில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் முன்னால் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். பேய்கள் வந்து சூழ்ந்த பிறகுதான் ஓர் ஆள் குறைகிறது என்று புரியும். இப்படி விடப்பட்டவன் பெரும்பாலும் கார்த்தியின் மந்திரவாதியாகவே இருந்தான்.

பெரிய குறை பீடம். ஒவ்வொரு தளத்திலும் கருங்கல் பீடம் ஒன்று இருக்கும். குழுவில் ஒருவர் செத்துப்போனால் அவரைச் சுமந்துகொண்டு போய் அதில் கிடத்தலாம். உயிரோடு இருக்கிற ஒருவர் தன் ஆயுளில் பாதியைக் கொடுத்தால் செத்தவர் எழுந்துவிடுவார். கொடுத்தவருக்கு அந்தப் பாதி திரும்பி வராது. ஆட்டம் முடியும்வரை அவர் பாதி ஆள்தான். யார் கொடுப்பது என்று விளையாடுகிறவர் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் சில சமயம் சம்மதிப்பார், சில சமயம் மறுத்துவிடுவார். மறுத்தால் திரையில் ஒரே ஒரு வரி வரும், இவர் மறுத்துவிட்டார் என்று. ஏன் என்று வராது. எந்தக் கணக்கில் அந்த முடிவு என்பது கையேட்டிலும் இல்லை. காரணம் சொல்லாத மறுப்பை நான் செய்முறைப் பிழை என்றேன். கார்த்தி அப்படி நினைக்கவில்லை. ஆளுக்கு ஆள் மனம் வேறுதானே என்றான்.

செத்தவரை அப்படியே விட்டுவிட்டு மற்ற ஐந்து பேரும் முழுப் பலத்தோடு போவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. ஒரு முழு ஆளைக் கொடுத்து இரண்டு அரை ஆளை வாங்குவதில் என்ன லாபம் என்று கேட்டேன். அவன் ஒவ்வொரு தடவையும் பீடத்துக்குத்தான் போனான்.

அடுத்த வருஷம் கார்த்திக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. அவன் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு கட்டடக் குத்தகையாளர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தான். தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிப் போய்வருவான். முதலில் கால் வீங்கியது, காலணி பத்தவில்லை. பிறகு எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

அதன் பிறகு அவன் வாழ்க்கை வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப்போட்டதாக ஆனது. தர்மத்துக்கு நடத்துகிற ஓர் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்தது. அங்கே மிசி நோர்மா என்ற மலாய்த் தாதி இருந்தார். ஊசி குத்தும்போது கார்த்தியின் கவனத்தைத் திருப்ப, பாதாளத்தில் இப்போது எத்தனாவது தளம் என்று கேட்பாராம். வேலையை விட்டுவிட்டதால் மற்ற நாட்களில் அவனுக்குப் பாதாளத்தை விட்டால் வேறு இடமில்லை.

அந்த நோயில் கொடுமையானது தாகம். சிறுநீர் பிரியாததால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். நாள் முழுவதற்கும் ஒரு சின்னக் குவளை அளவுதான். பினாங்கு வெயிலில் அவன் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வீட்டில் யாரும் அவன் கண்முன்னால் தண்ணீர் குடிக்கமாட்டோம். நான் வேலை முடிந்து வரும்போது கீழே கடையிலேயே குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மாடியேறுவேன். தம்பிமேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் அவன் பழையபடி இருக்கலாம் என்றார்கள். அம்மா முதலில் நின்றாள். அவளுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்ததால் அவளைச் சோதிக்கவே இல்லை. அடுத்து மூத்தவன் நான். கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதனை நடந்தது. பல தடவை பஸ் ஏறிப் போய் இரத்தம் கொடுத்தேன். கடைசித் தடவை அம்மாவும் கார்த்தியும் கூட வந்தார்கள். டாக்டர் முதலில் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். பிறகு அவர்களை உள்ளே கூப்பிட்டு, அர்ஜுனன் கொடையாளராக இருக்கப் பொருத்தமானவர் இல்லை என்று சொன்னார். வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. கார்த்திதான் தமிழில் சொன்னான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்படின்னா, ஒனக்கும் ஏதாச்சும் நோவு இருக்காய்யா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. டாக்டர் எதையோ மறைக்கிறார், மூத்தவன் உடம்பிலும் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். அன்றிலிருந்து மீனில் நல்ல துண்டு என் தட்டுக்கு வந்தது. காலையில் முட்டை, ராத்திரிக்குப் பால். நான் இரும்பு மேசையைத் தூக்கப் போனால் பதறிப்போய் விடச் சொல்வாள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பெற்றவள் மனம் கேட்காது. பிறகு சாப்பிட்டேன்.

ருக்குமணி எங்களில் கடைசி. அப்போது ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். நாங்கள் கோலாலம்பூரிலிருந்து திரும்பிய மறுநாள் சாயங்காலம், கார்த்தி கணினி முன்னால் இருக்க, அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தன்னைச் சோதிக்கட்டும், தான் கொடுப்பதாகச் சொன்னாள். லீவுக்குக்கூட எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

“அது சரி வராது ருக்கு” என்றேன். “என்னோடது சேரலன்னா ஒன்னோடதும் சேராதாம். ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். டாக்டர் எங்கிட்டத் தனியா சொன்னாரு.”

அவள் நம்பினாள். படித்த பெண்தான், ஆனால் அண்ணன் சொல்லும்போது சந்தேகப்பட்டுப் பழகாதவள். அழுதுகொண்டே உள்ளே போனாள். கார்த்தி திரையிலிருந்து திரும்பவில்லை. அந்த நேரத்தில் அவன் விரல்கள் அசையாமல் இருந்ததும், குழு இருட்டில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவன் மறுபடி நடக்கத் தொடங்கினான்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நோயாளிகளுக்குப் படிக்கக் கொடுக்கிற காகிதங்கள் நிறைய உண்டு. அவன் எதையும் விடாமல் படிக்கிறவன். கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பொருத்தம் தனித்தனி என்பது அந்தக் காகிதங்களில் கட்டாயம் இருந்திருக்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குழுவில் யாராவது செத்தால் அவன் வழக்கம்போல் பீடத்துக்குப் போவான். அம்மாவைக் கேட்பான், அப்பாவைக் கேட்பான், ருக்குமணியைக் கேட்பான், சின்னையாவைக்கூடக் கேட்பான். என் பெயரை மட்டும் தாண்டிப் போய்விடுவான். எல்லாரும் அரையாகவும் காலாகவும் தேய்ந்துபோன பிறகும், நான் மட்டும் முன்வரிசையில் முழுப் பலத்தோடு நின்றேன். அம்மா ஒரே அடியில் விழுகிற நிலையில் இருந்தாள். கவனிக்காமல் செய்கிறான் என்று நினைத்துப் பல நாள் பேசாமல் இருந்தேன். ஒரு மத்தியானம் கேட்டுவிட்டேன்.

“நல்ல தெம்பா நிக்கிறேனே. ஏண்டா என்னையக் கேக்கவே மாட்டேங்கிற?”

அவன் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னான். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

“வேணாண்ணே. கேட்டா, மறுத்துட்டாருன்னு வந்துரும். வந்துட்டா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கும் லா. கேக்காமலே விட்டுட்டா, கேட்டிருந்தா அண்ணன் குடுத்திருப்பாருன்னு நான் பாட்டுக்கு நெனச்சுக்கிட்டு இருக்கலாம்ல.”

அவன் விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான். நான் இன்றைக்கும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கோலாலம்பூரில் அந்த அறைக்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பதற்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை.

டாக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, சோதனை முடிவைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். கொடையாளர் எல்லாரிடமும் தனியாக ஒரு கேள்வி கேட்பது வழக்கம் என்றார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சொந்த விருப்பத்தில்தான் கொடுக்கிறீர்களா என்பதுதான் அந்தக் கேள்வி. கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் இப்போதே சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, குடும்பத்தாரிடம் நீங்கள் பொருத்தமானவர் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அதற்குமேல் யார் கேட்டாலும் பேசமாட்டேன் என்று சொன்னார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

எங்கள் அப்பா குடலிறக்கத்துக்கு ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் போனவர். சின்ன வேலை, நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். என்னிடம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சக்கரக் கட்டிலில் படுத்தபடி சிரித்துக்கொண்டு போனார். மயக்கத்திலிருந்து அவர் எழவில்லை. அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரி மருந்து வாடை மூக்கில் பட்டாலே வாசல் எந்தப் பக்கம் என்றுதான் என் கண் தேடும். இதை ஒரு காரணமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆண் நான் என்பது இன்னொன்று. ஃபேக்டரியில் என்னை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாகப் பேச்சு இருந்தது, அதுவும் ஒன்று. எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் டாக்டர் எதையும் கேட்கவில்லை. எனக்கு விருப்பமில்லை என்று நான் சொன்னதும், சரி என்று தலையசைத்து, எழுந்து கைகொடுத்தார். தயார்செய்து கொண்டு போனது எல்லாம் அப்படியே என்னிடம் தங்கிவிட்டது.

கிளம்பும்போது நான்தான் ஒன்று கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவு பொருத்தம் என்று. அவர் சற்றுத் தயங்கினார். பார்க்கிற ஆறு அம்சத்தில் ஆறும் பொருந்துகிறது என்றார். அண்ணன் தம்பிகளுக்குள்கூட எல்லாருக்கும் இப்படி அமையாது என்று சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் கார்த்தி அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். முடிவு என்ன என்று அம்மா கண்ணாலேயே கேட்டாள். டாக்டரே சொல்வார் என்று சைகை செய்தேன்.

ருக்குமணியிடம் சொன்னதற்கும் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு இருந்த பெண். வயிற்றில் தழும்போடு இருக்கிறவளை யார் கட்டுவார்கள், நாளைக்குப் பிள்ளை பெறுவது எப்படி என்றெல்லாம் ஒரு மூத்தவன் யோசிக்க வேண்டாமா. அதோடு, அவளும் அதே அறைக்குப் போய் அதே மேசைக்கு எதிரில் உட்கார வேண்டி வரும். டாக்டர் வாக்குத் தவறமாட்டார், ஆனால் அவர் தயங்கி நிறுத்திய மாதிரி இன்னொரு தடவை அவளிடம் தயங்கியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். அப்படி எதுவும் ஆகாமல் எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தாலும்தான் என்ன. கார்த்தி எழுந்து நடமாடுவான். அவள் கொடுத்தவளாக வீட்டில் வளைய வருவாள். நான் கொடுக்காதவனாக அதே வீட்டில் சாப்பிட உட்கார வேண்டும். சமையலறையில் அவள் குனிந்து நிமிரும் போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் அம்மா யாரைப் பார்ப்பாள். இவ்வளவையும் அந்தச் சாயங்காலம் நான் ஒரே நொடியில் யோசித்திருக்கிறேன் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

தொண்ணூற்றைந்து தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கார்த்தி கேட்டான். மறுநாள் அவனுக்குச் சுத்திகரிப்பு. உடம்பில் ஏற்கெனவே நீர் கோத்திருந்தது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. காவடி பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றான். அம்மாவும் ருக்குமணியும் அர்ச்சனைக்காக முன்னாலேயே போய்விட்டார்கள். நான் அவனை மெதுவாக நடத்திக் கூட்டிப் போய், சாலையோரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலின் நிழலில் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார வைத்தேன்.

நல்ல வெயில். பந்தலில் பெரிய தோம்புகளில் ரோஸ் சர்பத்து, மோர், பார்லித் தண்ணீர் என்று ஐஸ் மிதக்க வைத்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் கையில் திணித்தார்கள். ஒரு பெண்பிள்ளை கார்த்தியின் கையிலும் ஒரு குவளையைக் கொடுத்துவிட்டுப் போனது. அவன் அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தான். குவளையின் வெளிப்பக்கத்தில் நீர் வழிந்து மணிக்கட்டில் சொட்டியது.

“அண்ணே, இன்னிக்கு ஒரு நாளைக்காச்சும் தாகம் இல்லாம இருந்து பாக்கணும்போல இருக்கு” என்றான்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்த நேரத்தில் உயரமான காவடி ஒன்று வந்தது, மயிலிறகு வைத்தது. நான் அதைப் பார்த்தேன். திரும்பியபோது குவளை காலியாக இருந்தது. பந்தல்காரர்கள் இன்னொன்று கொடுத்தார்கள். அவன் மறுபடி என்னைப் பார்த்தான், நான் மறுபடி சாலையைப் பார்த்தேன். அப்படியே சர்பத்தும் மோரும் பார்லியும் போய்க்கொண்டிருந்தன. ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தான். சின்ன வயதில் இருந்த சிரிப்பு. அதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நான் தடுத்திருக்கலாம் என்று சொல்வீர்கள். ஒருவன் ஆசைப்பட்டுக் கேட்பதை மறுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அப்போது தோன்றியது. ஒரு தடவை மறுத்தவன், அதே ஆளை மறுபடியும் எப்படி மறுப்பது?

அன்று மாலையே மூச்சு முட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவசரமாக இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர், இதயம் தாங்கவில்லை. காலையில் போய்விட்டான். அம்மா வராந்தாவில் விழுந்து அழுதாள். ருக்குமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் கொடுத்தார்கள், எவ்வளவு குடித்தான் என்று டாக்டர் கேட்டதற்கு, கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். வெளியே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. என் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. பல நாள் சரியாகத் தூங்காததன் அசதி என்று எடுத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அம்மா கணினியைப் போடச் சொன்னாள். பாதாளத்தில் நாங்களெல்லாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டுமாம். விளையாட்டு திறக்கும்போது, கையேட்டில் இன்ன பக்கத்தில் இத்தனாவது சொல் எது என்று ஒரு கேள்வி கேட்கும். நகல் போட்டவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. எங்கள் கையேட்டில் அந்தப் பக்கங்கள் இல்லை. கார்த்தி எப்படியோ எல்லாச் சொற்களையும் கண்டுபிடித்து மனத்தில் வைத்திருந்தான். நான் வாயில் வந்த சொற்களை அடித்துப் பார்த்தேன். மூன்று தடவை தவறினால் அது தானாக அணைந்துவிடும். அம்மா அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “அவன் இருக்கானா, அதையாச்சும் சொல்லு” என்றாள். இருக்கிறான் என்று சொல்லி அனுப்பினேன்.

ருக்குமணிக்கு மறுவருஷம் நிபோங் திபாலில் கல்யாணம் ஆயிற்று. நல்ல பையன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். போன வருஷம் அவள் தனியாக வந்திருந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பேச்சை எடுத்தாள்.

“அண்ணே, பாசார்ல மிசி நோர்மாவப் பாத்தேன்.”

மிசி நோர்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார். உன் அண்ணன் கார்த்தி உன்மேல் எவ்வளவு பாசம் வைத்திருந்தான் தெரியுமா என்று சொல்லியிருக்கிறார். தங்கை ஏன் சோதனைக்கு வரவில்லை என்று அவர் ஒருநாள் கார்த்தியைக் கேட்டாராம். அவள் வரத்தான் வந்தாள், நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று அவன் சொன்னானாம்.

“எங்கிட்ட அவன் அப்படி ஒரு வார்த்த சொன்னதில்லண்ணே. நீதான் சேராதுன்னு சொன்ன. கூடப்பொறந்தவங்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாதான் பாக்கணுமாம், மிசி சொல்றாங்க. ஒருத்தருக்குச் சேரலன்னா மத்தவங்களுக்கும் சேராதுன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்களாம். அப்போ நீ ஏன் அப்படிச் சொன்ன?”

சத்தம் போடவில்லை. கண்ணை எடுக்காமல் கேட்டாள். கார்த்தி ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதன் வழியாகப் போவதுதான் எல்லாருக்கும் நல்லது என்று பட்டது.

“அவன்தான் சொல்லச் சொன்னான்” என்றேன். “ஒன் ஒடம்புல கத்தி வைக்க விடமாட்டேன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டான். நீ கேக்க மாட்டேன்னுதான், டாக்டர் பேரச் சொன்னேன்.”

அவள் முகம் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு நகர்ந்து வந்து என் இரண்டு கையையும் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

“இத்தன வருசமா இதத் தனியாவா சொமந்துக்கிட்டு இருந்த?” என்றாள்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். மனம் தேறித்தான் போனாள். நடந்ததையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, எங்கள் வீட்டில் ஓர் உயிரையாவது கத்தியிலிருந்து காப்பாற்றி வைத்தேன் என்ற நிம்மதி எனக்கு இருக்கிறது. ருக்குமணியைத்தான் சொல்கிறேன்.